முதலில் கொல்லைக் கதவைப் பாருங்கள்

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். கடையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு ஐயா உள்ளே வந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கைபேசியை என் முன்னால் நீட்டி, "தம்பி, என் வலைப்பூவைத் திறந்தா சீட்டாட்ட விளம்பரம் வருது. என்னன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். முகவரி அவருடையதுதான். உள்ளே இருந்தது மட்டும் வேறு யாருடையதோ.

பதினோரு வருடம் எழுதியிருந்தார். 412 பதிவுகள். குத்தாலம், மணல்மேடு, செம்பனார்கோயில், தரங்கம்பாடி என்று சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் போய், குளத்துக்கும் வாய்க்காலுக்கும் தெருவுக்கும் ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியவை. சொன்னவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை.

நடந்தது இதுதான். ஊரில் வெப்சைட் செய்து தருகிற சின்ன நிறுவனம் ஒன்று இருந்தது. ஐயா பணம் கொடுத்தார். முகவரியை, அதாவது டொமைனை, அவர்கள் தங்கள் மின்னஞ்சலில் தங்கள் பெயருக்கே பதிந்துகொண்டார்கள். பதிவுகள் குடியிருக்கும் இடமான ஹோஸ்டிங்கும் அவர்கள் கணக்கில்தான். பிறகு கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் எல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தது. கெடு முடிந்தது, முகவரி சந்தைக்கு வந்தது, யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

மயிலாடுதுறை மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருபத்து நாலு வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். நானும் 2007 முதல் வலைப்பூ எழுதுகிறவன். எனக்குத் தெரிந்தவர்கள் முப்பது பேருக்காவது வலைப்பூ தொடங்கிக் கொடுத்திருக்கிறேன். எது நல்ல தளம், எது இலவசம், எதில் டெம்ப்ளேட் அழகாக இருக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையும் முற்றமும் எவ்வளவு அழகாக இருந்தாலும், வீடு பார்க்கப் போகிற பெரியவர்கள் நேரே கொல்லைப் பக்கம் போய்க் கதவைத் திறந்து பார்ப்பார்கள். நான் தளத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். நாளைக்கு இங்கிருந்து கிளம்ப வேண்டியிருந்தால், எழுதிய அத்தனையையும் மூட்டை கட்டி எடுத்துப் போக வழி இருக்கிறதா? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு மற்றதைப் பேசலாம்.

இது வீண் பயம் என்று நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். ஒரு காலத்தில் உலகம் முழுக்க மக்கள் தங்கள் முதல் வலைப்பக்கத்தை ஜியோசிட்டீஸில்தான் வைத்தார்கள். 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ அதை மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் ராப்பகலாக இறக்கி வைத்ததால்தான் அதில் ஒரு பகுதி மிஞ்சியது. போஸ்டரஸ் என்ற எளிமையான பதிவுத் தளத்தை 2012இல் ட்விட்டர் வாங்கியது. அடுத்த வருடம் ஏப்ரல் 30 அன்று அது இல்லை. ஃபேஸ்புக்கில் 'நோட்ஸ்' என்று ஒரு பகுதி இருந்தது. நம் எழுத்தாளர்கள் பலர் நீண்ட கட்டுரைகளை அதில்தான் எழுதினார்கள். 2020 அக்டோபர் இறுதியோடு அதில் புதிதாக எழுத முடியாமல் போயிற்று. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டைப்பேட், 2025 செப்டம்பர் 30 அன்று கதவைச் சாத்தியது. அது காசு கொடுத்து எழுதுகிற தளம். கட்டணம் கட்டினால் தளம் நிலைக்கும் என்ற நம்பிக்கையும் அத்துடன் போயிற்று.

மூடுவதிலும் மரியாதையாக மூடுகிறவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் 'ஸ்பேசஸ்' வலைப்பூக்களை நிறுத்த 2010இல் முடிவு செய்தபோது, ஒவ்வொருவரும் தங்கள் பதிவுகளை அப்படியே வேர்ட்பிரஸ்.காமுக்கு மாற்றிக்கொள்ள வசதியும் ஆறு மாத அவகாசமும் கொடுத்தது. கொல்லைக் கதவு என்று நான் சொல்வது அதைத்தான்.

இனி தளங்களுக்கு வருகிறேன். புதிதாக எழுத வருகிறவருக்கு நான் இன்றும் பிளாகரைத்தான் காட்டுகிறேன். பைரா லேப்ஸ் என்ற சின்னக் கம்பெனி 1999இல் தொடங்கியது. 2003இல் கூகுள் வாங்கியது. புதுமை எதுவும் அதில் வருவதில்லை என்று இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. காசு வாங்குவதில்லை. சொந்த டொமைனை அதில் இணைத்துக்கொள்ளவும் கட்டணம் இல்லை. இணைத்தபின், பிளாகர் முதலில் கொடுத்த பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களைத் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். அமைப்புகள் பக்கத்தில் 'பேக்அப்' என்று ஒன்று இருக்கிறது. அதன் வழியாக உங்கள் பதிவுகள், பக்கங்கள், பின்னூட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுக்கலாம். படங்கள் அதில் வராது, இதைப் பலர் கவனிப்பதில்லை. படங்களும் வேண்டும் என்றால் கூகுள் டேக்அவுட் வழியாக எடுக்க வேண்டும். எடுத்ததும் அப்படியே போட்டுவைக்காமல் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்அப்பை நான் பேக்அப் என்று ஒப்புக்கொள்வதில்லை.

வேர்ட்பிரஸ் என்றால் இரண்டு பொருள். இந்தக் குழப்பத்தில் பணத்தை விட்டவர்கள் என் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். ஒன்று மென்பொருள். 2003 மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தாங்கள் வாடகைக்குப் பிடித்த ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ளலாம். இன்னொன்று வேர்ட்பிரஸ்.காம் என்ற சேவை. அங்கே எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இலவசக் கணக்கில் அவர்கள் விளம்பரம் வரும், சொந்த டொமைன் வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். மென்பொருளைத் தானே நிறுவுகிறவர் அதைத் தானே பராமரிக்கவும் வேண்டும். மாதம் ஒருமுறை புதுப்பிப்பு, தேவையில்லாத பிளக்இன்களை நீக்குவது, கடவுச்சொல்லைப் பலமாக வைப்பது என்று ஆடு மாடு வைத்திருப்பது போலத் தினமும் ஒரு கண் வேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. ஹோஸ்டிங் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் வருட விலை. புதுப்பிக்கும்போது என்ன விலை என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

சப்ஸ்டாக் 2017இல் வந்தது. பதிவு எழுதினால் வாசகரின் மின்னஞ்சலுக்கே போய்ச் சேரும். எனக்கு அதில் பிடித்தது ஒரே விஷயம்: சந்தாதாரர்களின் மின்னஞ்சல் பட்டியலை நீங்கள் இறக்கிக்கொள்ளலாம். வாசகரின் விலாசம் உங்கள் கையில் இருக்கும்வரை தளம் போனாலும் வாசகர் போகமாட்டார். ஃபேஸ்புக்கில் எழுதக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வாசகர் அங்கேதான் இருக்கிறார். ஆனால் முழுக் கட்டுரையை முதலில் உங்கள் வலைப்பூவில் போடுங்கள், பிறகு அங்கே போய்ச் சொல்லுங்கள். மூன்று வருடம் முன்னால் ஃபேஸ்புக்கில் எழுதியதை இன்று தேடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

டொமைன் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். அது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில் இருக்க வேண்டும். மகன் பெயரிலோ, செய்து கொடுத்த பையன் பெயரிலோ இருந்தால் இன்றைக்கே மாற்றித் தரச் சொல்லுங்கள். டாட் காம் முகவரியைப் பத்து வருடம் வரை சேர்த்துப் பணம் கட்டி வைக்கலாம். கெடு தாண்டினாலும் உடனே கைவிட்டுப் போகாது. சில வாரம் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அதன்பின் முப்பது நாள் அபராதத்தோடு மீட்கலாம். அதற்கும் பிறகுதான் பொதுவில் விழும். ஐயாவின் முகவரி அந்த மூன்று படியையும் தாண்டியிருந்தது, ஒருவருக்கும் தெரியாமல்.

பெரிய நிறுவனத்தின் முகவரிக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2012 தொடங்கி இந்தியாவில் இருந்து பிளாக்ஸ்பாட் வலைப்பூவைத் திறந்தால் முகவரியின் முடிவு காம் என்பதிலிருந்து இன் என்று மாறிவிடும். நாம் நகலெடுத்துப் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் இன் என்றே முடிந்தன. 2018இல் கூகுள் அந்த முறையை நிறுத்தியது. 2020இல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரி அதன் கையை விட்டுப் போனது. ஆகவே உங்கள் பழைய பதிவுகளுக்குள் வேறு பதிவுகளுக்குக் கொடுத்த இணைப்பு இன் என்று முடிந்தால், உட்கார்ந்து ஒவ்வொன்றாக காம் என்று திருத்துங்கள். பதிவு அங்கேதான் இருக்கிறது, வழிப்பலகைதான் தப்பாக நிற்கிறது.

தமிழில் எழுதுகிறவருக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. இவற்றை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எந்தக் குறிப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள், அவர்களுக்கு இவை நேர்வதே இல்லை. தலைப்பைத் தமிழில் மட்டும் வைத்தால், பிளாகர் அந்தப் பதிவின் முகவரியை 'பிளாக் போஸ்ட்' என்றும் பின்னால் ஓர் எண்ணும் சேர்த்து வைத்துவிடும். ஐந்நூறு பதிவு எழுதினால் ஐந்நூறும் அதே பெயரில் எண் மட்டும் மாறி நிற்கும். வெளியிடும் முன் வலது பக்கத்தில் 'பெர்மாலிங்க்' என்று இருப்பதைத் திறந்து, இரண்டு மூன்று சொல்லில் ஆங்கில எழுத்தில் பெயர் கொடுங்கள். வேர்ட்பிரஸில் சங்கடம் வேறு மாதிரி. அது தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது இடத்தை அடைத்துக்கொள்ளும். 'அம்மா' என்ற சின்னச் சொல்லுக்கே அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, நாற்பத்தைந்து இடம். மொத்தம் இருநூறு இடம்தான் அனுமதி. அதனால் நீளமான தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும். அங்கும் முகவரியை நீங்களே சுருக்கமாக எழுதிவிடுவதுதான் மருந்து.

அடுத்தது எழுத்து. என் தொழில் இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். எங்களைப் போன்ற டிடிபிக்காரர்கள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று பல எழுத்துருக்களில் அடித்துப் பழகினோம். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கான எண்தான். மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். அப்படியே எடுத்து இணையத்தில் ஒட்டினால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு என்கிற ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனக்கென்று ஓர் எண் உண்டு. தேடவும் நகலெடுக்கவும் அதுதான் உதவும். ஒருங்குறி எல்லாக் கணினிக்கும் வந்து சேராத நாளில், எங்கள் தஞ்சைச் சீமையின் அதிராம்பட்டினத்துக்காரர் உமர் தம்பி தேனீ எழுத்துருவைச் செய்து கொடுத்தார். ஆரம்பகாலத் தமிழ் வலைப்பூக்கள் பல அதைக்கொண்டுதான் படிக்கக் கிடைத்தன. 2006இல் காலமானார். அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை என்னால் தாண்ட முடியாது. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளில் கட்டுரை வைத்திருப்பவர்கள் என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் கொடுத்து ஒருங்குறியாக்கிவிடுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. 'கௌரி' என்று எழுத ஔகாரக் குறியைப் போட வேண்டும். பலர் கெ போட்டு, பக்கத்தில் ள போட்டு, ரி போடுகிறார்கள்: 'கெளரி'. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். கௌதமன், மௌனம், பௌர்ணமி எல்லாவற்றிலும் இதுதான் கதை. உங்கள் பதிவைத் தேடி வருகிறவர் சரியாகத் தட்டச்சு செய்தும் அது கிடைக்காமல் போனால், காரணம் அந்த ஒரு ளகரமாக இருக்கலாம். தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் என்று முப்பத்தொரு விசையில் மொழி முழுதும் விரலுக்கு வந்துவிடும். நான் பதினைந்து நாளில் பழகினேன். கைபேசியில் செல்லினம் நன்றாக இருக்கிறது. ஜிபோர்டில் பேசினால் எழுதிக்கொள்ளும். ஆனால் ல, ள, ழ மூன்றையும், ன, ண, ந மூன்றையும் கண்ணால் ஒருமுறை பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பக்கத்தின் தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி அமைக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைபேசித் திரையில் வரிக்கு மூன்று சொல்தான் விழும், நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விடும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கொஞ்சம் அதிகம் இடம் விடுங்கள். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கட்டமரான் எதுவானாலும் சரி. வேர்டில் எழுதியதை நேராக ஒட்டினால் அதன் அலங்காரக் குப்பை எல்லாம் கூடவே வரும். வடிவம் இல்லாமல் ஒட்டுகிற வழியில் ஒட்டுங்கள். கைபேசியில் எடுத்த படம் நான்கைந்து எம்பி இருக்கும். ஸ்க்வூஷ் என்ற பக்கத்தில் போட்டு அகலத்தை 1200 புள்ளியாகக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள். கிராமத்தில் சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில் இருந்து படிக்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

தமிழ்மணம், தேன்கூடு, தமிழிஷ் என்று, எல்லோர் பதிவையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டிகள் கோலோச்சிய நாட்களை என் வயதுப் பதிவர்கள் மறக்க மாட்டார்கள். காலையில் எழுந்ததும் முகப்பில் நம் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவோம். தமிழ்மணம் 2004இல் வந்தது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்தது. ஆனால் அந்தக் காலத்தில் ஒட்டிய ஓட்டுப்பட்டைகள், கடிகாரம், வருகை எண்ணும் பெட்டி எல்லாம் இன்னும் பலர் டெம்ப்ளேட்டில் தொங்குகின்றன. எங்கோ செத்துப்போன கணினியின் பதிலுக்காக உங்கள் பக்கம் காத்து நிற்கும். அந்த முகவரியை வேறு யாராவது வாங்கிவிட்டால், அவர் அனுப்புவதெல்லாம் உங்கள் வாசகர் திரையில் வரும். ஒரு மாலை உட்கார்ந்து கழற்றிப் போடுங்கள்.

திரட்டி போன இடத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். புதுப் பதிவு வந்ததும் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று நின்றதும் அதுவும் செத்துப்போனதாக நினைத்துவிட்டார்கள். ஃபீட்லி, இனோரீடர் எதிலாவது உங்களுக்குப் பிடித்த இருபது வலைப்பூக்களைச் சேர்த்துப் பாருங்கள். யார் எழுதினாலும் தேடி வரும். மின்னஞ்சலில் தொடரும் பெட்டியைப் பக்கவாட்டில் வைத்திருந்தவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ஃபீட்பர்னர் வழியாகப் போன அந்த மின்னஞ்சல் சேவை 2021 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பெட்டி மட்டும் இன்னும் நிற்கலாம். வாசகர் விலாசம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

எழுதுகிறவரே போய்விட்டால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். எங்கள் ஊர்க் கூறைநாட்டில் ஓர் அக்கா சமையல் குறிப்பு எழுதி வந்தார். மாமியாரிடம் கற்ற வத்தல், வடகம், பத்தியச் சாப்பாடு எல்லாம் அதில் இருந்தன. இரண்டு வருடம் முன்னால் திடீரென்று போய்விட்டார். "மாமா, அம்மாவோட பாஸ்வேர்ட் எங்களுக்குத் தெரியல" என்று அவர் மகள் என்னிடம் வந்து அழுதபோது என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருடம் தொடாத கணக்கை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்துவிட்டது. அன்று ராத்திரியே என் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' பக்கத்தைத் திறந்தேன். இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குத் தகவல் சொல்லி, இன்ன இன்னவற்றை எடுத்துக்கொள்ளக் கொடு என்று எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். நான் என் மனைவியையும் தங்கையையும் சேர்த்தேன். பத்து நிமிட வேலை. அந்தப் பெண் தன் அம்மாவின் பதிவுகளை இப்போது ஒவ்வொன்றாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஐயா கதைக்கு வருகிறேன். சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற நூலகம் 1996 முதல் உலகத்து வலைப்பக்கங்களைப் படியெடுத்துச் சேர்த்துவருகிறது. அதன் வேபேக் மெஷினில் ஐயாவின் பழைய முகவரியைக் கொடுத்தேன். நாட்காட்டியில் அங்கங்கே நீலப் பொட்டு தெரிந்தது. ஒன்றைத் தொட்டதும் அவருடைய பழைய பச்சை நிற முகப்பு அப்படியே எழுந்து வந்தது. ஐயா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று வாரம், கடை சாத்திய பிறகு இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். 337 பதிவு கிடைத்தது. 75 கிடைக்கவில்லை. பின்னூட்டங்களில் பெரும்பகுதியும் வரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு வாய்க்கால் பெயருக்கு அவர் கொடுத்த விளக்கத்தைத் திருத்தி, தாத்தா காலத்தில் மலேசியாவுக்குப் போன குடும்பத்துக்காரர் ஒருவர் கீழே நீளமாக எழுதியிருந்தாராம். "அந்தத் திருத்தம்தான் தம்பி சரி, நான் எழுதினது தப்பு" என்றார்.

அந்த நூலகம் தானாக எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று இருக்க வேண்டாம். 'சேவ் பேஜ் நவ்' என்ற பெட்டியில் உங்கள் பதிவின் முகவரியை நீங்களே கொடுத்துச் சேர்க்கலாம். நான் பதிவு வெளியிட்டதும் முதலில் அங்கே போய்க் கொடுத்துவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

ஐயாவுக்கு இப்போது புதிய முகவரி, அவர் பெயரில். ஐந்து வருடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார், புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதியிருக்கிறார். தளம் பிளாகர். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் இரண்டு பென் டிரைவோடு கடைக்கு வந்துவிடுவார். சிவப்பு நூல் கட்டியது அவர் பீரோவுக்கு. மற்றது திருச்சியில் இருக்கிற மகளுக்கு. பேக்அப் இறங்கியதும் ஏதாவது ஒரு பதிவைத் திறந்து, இரண்டு வரி படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

காணாமல் போன பதிவுகளைப் பழைய நோட்டுகளைப் பார்த்து மறுபடி எழுதுகிறார். கண் சரியில்லாததால் கைபேசியில் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. பிறகு ழகரத்தையும் ளகரத்தையும் நாங்கள் இருவரும் சரிபார்க்கிறோம். முகப்பில் ஓர் அறிவிப்பும் போட்டிருக்கிறார்: முன்பு இங்கே திருத்தம் எழுதியவர்கள் தயவுசெய்து இன்னொருமுறை எழுத வேண்டும் என்று. போன ஞாயிறு வரைக்கும் பதின்மூன்று பதிவு முடித்தார். அறுபத்திரண்டு பாக்கி.